உப்புத்தண்ணி, கிராம்பு, எலுமிச்சை: பல்லுக்கும் ஈறுக்கும் எது உதவும், எது அரிக்கும், ஏன்

பல்லையும் ஈறையும் வீட்லயே இயற்கையா பாத்துக்கறது எப்படின்னு தேடினீங்கன்னா எங்க போனாலும் கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட்தான் வரும், உப்புத்தண்ணி, கிராம்பு எண்ணெய், மஞ்சள், ஆயில் புல்லிங், சமையல் சோடா, எலுமிச்சை, கரித்தூள்னு. அந்த லிஸ்ட்ல எனக்கு இருக்கிற குறை என்னன்னா உப்புத்தண்ணிக்கு பக்கத்துலயே எலுமிச்சைச் சாறும் சேர் போட்டு ஒக்காந்திருக்கும், ரெண்டும் இயற்கைதானேன்னு ரெண்டுக்கும் ஒரே மரியாதை. வாய்க்குள்ள போனா ஒண்ணு புண்ணுக்கு எதமா இருக்கும், இன்னொண்ணு பல்லோட மேல்தோலை கரைக்கும். அதனால இயற்கையா கெமிக்கலாங்கற கேள்வியை கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு, வாய்க்குள்ள என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டா எந்தப் பொருள் எந்த வேலைக்கு ஆகும்னு தானா புரிஞ்சுடும்.

முதல்ல ஒண்ணு, பல்லு பிரச்சனையும் ஈறு பிரச்சனையும் ஒண்ணு கெடையாது. சொத்தை விழுறது ஆசிட் வேலை. ஈறு வீங்கி ரத்தம் வர்றது அழற்சி. ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ஒரே விஷயம் பல்லு மேல படியிற அந்த வழவழ படலம், டென்டிஸ்ட் பிளாக்னு சொல்வாங்களே அது. ஒருத்தருக்கு வாழ்நாள் பூரா ஒரு சொத்தை கூட இருக்காது, ஆனா அம்பது வயசுல பல்லு ஆடி விழும். இன்னொருத்தருக்கு ஈறு கல்லு மாதிரி இருக்கும், ஆனா பாதி பல்லு சொத்தை. அதனால "பல்லுக்கு நல்லது"ன்னு பொத்தாம் பொதுவா யாராவது ஒரு பொருளைச் சொன்னா, எதுக்கு நல்லதுன்னு கேக்கறதுல தப்பே இல்ல.

பல்லோட வெளி அடுக்கு எனாமல், ஒடம்புலயே ரொம்ப கடினமான பொருள் அதுதான், எலும்பை விட கடினம், எடையில சுமார் 96 சதவீதம் வெறும் தாது உப்பு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட். அதுல உயிருள்ள செல்லே கெடையாது. எனாமலை உருவாக்குற செல்லுங்க பல்லு மொளைச்சு வெளிய வரும்போதே அழிஞ்சு போயிடும், அதனால தோல்ல காயம் ஆறுற மாதிரி எனாமல்ல விழுந்த குழி ஆறாது. எலும்பு முறிஞ்சா கூட கூடும், பல்லுல குழி விழுந்தா விழுந்ததுதான். வீட்லயே சொத்தையை மூட வைக்கலாம்னு வர்ற வீடியோ எல்லாத்துக்கும் இந்த ஒரு விஷயமே பதில்.

ஆனா குழி விழுறதுக்கு முன்னாடி ஒரு கட்டம் இருக்கு, அதுதான் நமக்கு முக்கியம். நாம எதாவது இனிப்பு சாப்பிட்டதும் படலத்துல இருக்கிற பாக்டீரியா அந்த சர்க்கரையை தின்னு ஆசிட் விடும். 1940கள்ல ராபர்ட் ஸ்டீஃபன்னு ஒரு ஆராய்ச்சியாளர் சர்க்கரைத் தண்ணில வாயைக் கொப்பளிக்க வச்சு பல்லு மேல இருக்கிற படலத்தோட பிஹெச்சை (ஆசிட் எவ்வளவுன்னு சொல்ற அளவு, எண் கொறைய கொறைய ஆசிட் அதிகம்) அளந்து பாத்தார், சில நிமிஷத்துலயே சடார்னு எறங்கிடுது, திரும்ப பழைய நெலைமைக்கு ஏற அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் வரை ஆகுது. அந்த பிஹெச் சுமார் 5.5-க்கு கீழ போற நேரமெல்லாம் எனாமல்லேருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சு வெளிய போகும். மேல ஏறினதும் அதே கால்சியம் பாஸ்பேட் திரும்ப பல்லுக்குள்ள போய் ஒக்காரும். தினமும் பல தடவை இந்தப் போக்குவரத்து நடந்துகிட்டே இருக்கு, போறது வர்றதை விட ரொம்ப நாள் அதிகமா இருந்தா முதல்ல சுண்ணாம்பு கலர்ல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும், அந்தக் கட்டத்துல பிடிச்சா திருப்பலாம், மேல்பரப்பு ஒடைஞ்சு குழி ஆகிட்டா அவ்ளோதான்.

இந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து குடுக்கறது யாருன்னா எச்சில். லிஸ்ட் போடறவங்க யாரும் இதை எழுத மாட்டாங்க, ஆனா வாய்க்கு இருக்கிற ஒண்ணாம் நம்பர் இயற்கை மருந்து இதுதான், ஒரு நாளைக்கு சுமார் அரை லிட்டர்லேருந்து ஒன்றரை லிட்டர் வரை சொரக்குது, அதுல ஆசிட்டை மட்டுப்படுத்துற பைகார்பனேட் இருக்கு, பாக்டீரியாவை அடக்குற புரதங்கள் இருக்கு, பல்லுக்கு வேணும்ங்கற தாது இருக்கு. நாம வெளியிலேருந்து எதைத் தடவினாலும் அது ஒரு நாள்ல சில நிமிஷம், எச்சில் முழிச்சிருக்கிற நேரம் பூரா டியூட்டி பாக்குது. தூங்கும்போது மட்டும் கிட்டத்தட்ட நின்னுடும். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி பல்லு தேய்க்கணும்னு டென்டிஸ்ட் எல்லாரும் கரடியா கத்தறதுக்கு காரணம் இதுதான், காலையில மட்டும் தேய்ச்சுட்டு ராத்திரி விட்டுட்டா காவல் இல்லாத ஏழெட்டு மணி நேரம் பல்லுல ஒட்டின சர்க்கரை அப்படியே இருக்கும்.

இதுலேருந்து இன்னொண்ணும் வருது, எவ்வளவு இனிப்பு தின்னோம்ங்கறதை விட எத்தனை தடவை தின்னோம்ங்கறது பெருசு. ஒவ்வொரு தடவையும் அந்த அரை மணி கணக்கு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். சர்க்கரை போட்ட டீயை ஒரே மூச்சுல குடிச்சு முடிக்கிறவரை விட, ஒரு கப்பை பக்கத்துல வச்சுகிட்டு வேலைக்கு நடுவுல ரெண்டு மணி நேரம் உறிஞ்சுறவருக்குத்தான் பல்லு சீக்கிரம் போகும். இதை ஸ்வீடன்ல லுண்ட் ஊருக்குப் பக்கத்துல விபேஹோம்னு ஒரு மனநலக் காப்பகத்துல 1940, 50கள்ல சோதிச்சே பாத்தாங்க, சிலருக்கு சாப்பாட்டோட சர்க்கரை, சிலருக்கு சாப்பாட்டுக்கு நடுநடுவுல ஒட்டுற டாஃபி, நடுநடுவுல தின்னவங்களுக்கு சொத்தை எகிறிடுச்சு. தங்களுக்கு என்ன பண்றாங்கன்னே புரியாத நோயாளிங்களோட பல்லை வேணும்னே கெடுத்த ஆராய்ச்சி அது, இன்னைக்கு எவனும் அனுமதிக்க மாட்டான், ஆனா நமக்கு இந்த உண்மை தெரிஞ்சது அவங்க வாயிலேருந்துதான். தேன், பேரீச்சம்பழம், வெல்லம் எல்லாம் இயற்கை இனிப்பு, அதனால பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, பாக்டீரியாவுக்கு அது எங்கேருந்து வந்துச்சுன்னு கவலையே இல்ல, ஒட்டிக்கிட்டு வாயிலேயே கிடக்கிற இனிப்பா இருந்தா அதுக்கு இன்னும் கொண்டாட்டம்.

சரி, ஈறுக்கு வருவோம்.

1683-ல நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர்ல இருந்த துணி வியாபாரி லீவன்ஹூக், தானே செஞ்ச லென்ஸை வச்சு கண்ணுக்குத் தெரியாத உயிருங்களைப் பாத்து பாத்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு கடிதம் எழுதிகிட்டு இருந்தவர், தன் பல்லு இடுக்குலேருந்து கொஞ்சம் வெள்ளையா மாவு மாதிரி இருந்ததை எடுத்துப் பாத்தார். இதுல சுவாரசியம் என்னன்னா அந்த மனுஷன் பல்லு விஷயத்துல சோம்பேறி கெடையாது, தினமும் காலையில உப்பு போட்டுத் தேய்ச்சு தண்ணில கொப்பளிப்பார், சாப்பிட்டதும் குச்சியால இடுக்கை குத்துவார், துணியால அழுத்தித் தொடைப்பார், அதை அவரே எழுதி வச்சிருக்கார். அப்படியும் கடைவாய்ப் பல்லு இடுக்குல அந்த வெள்ளைப் பொருள் இருந்துச்சு, லென்ஸ்ல வச்சா அதுக்குள்ள உயிருங்க துள்ளிகிட்டு ஓடுது. அப்புறம் வினிகர் போட்டுப் பாத்தார், வெளியில எடுத்த உயிருங்க உடனே செத்துப்போச்சு, ஆனா வினிகர்ல வாயைக் கழுவினப்போ மட்டும் அவ்ளோவா சாகல. வினிகர் அந்தப் படலத்தோட வெளிப்புறத்துல இருக்கிறதை மட்டும் கொல்லுது, உள்ள வரைக்கும் போகலன்னு அவரே முடிவுக்கு வந்தார். முன்னூறு வருஷத்துக்கு மேல ஆகுது, இன்னைக்கும் மவுத்வாஷ் விளம்பரம் பாக்கறவங்க இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கலாம்.

தண்ணித் தொட்டி உள்சுவர்ல பிடிக்கிற பாசி எப்படி தண்ணியை மாத்தி ஊத்தினா போகாம பிரஷ் போட்டுத் தேய்ச்சாதான் போகுமோ, பிளாக்கும் அப்படித்தான். பாக்டீரியா தன்னைச் சுத்தி ஒரு பசையைக் கட்டிகிட்டு கூட்டமா ஒக்காந்திருக்கு, கொப்பளிக்கிற எதுவும், உப்புத்தண்ணியோ மஞ்சத்தண்ணியோ கடையில வாங்கின நீலக் கலர் திரவமோ, மேலாப்புல தடவிட்டுப் போகும், உரசி எடுக்கற வேலையை அது செய்யாது. இதை ஏத்துக்கிட்டா வீட்டு வைத்தியத்துல பாதி தானா இடத்துக்கு வந்துடும்: எதைக் கொப்பளிக்கிறோம்ங்கறது ரெண்டாவது, ஈறு ஓரத்தை ஒழுங்கா உரசினோமாங்கறது முதல்.

அதுக்கு நேரடி சாட்சி 1965-ல ஹரால்ட் லோவும் அவர் கூட இருந்தவங்களும் டென்மார்க்ல செஞ்ச சோதனை. நல்ல ஈறு உள்ள 12 பேரை பல்லு தேய்க்கறதை மொத்தமா நிறுத்தச் சொன்னாங்க. பத்து நாள்லேருந்து இருபத்தோரு நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு செவந்து வீங்கிடுச்சு, ஒருத்தர் கூட தப்பிக்கல. மறுபடி தேய்க்க ஆரம்பிச்சதும் சுமார் ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. மாத்திரை இல்ல, மூலிகை இல்ல, வெறும் சுத்தம். ஈறுல ரத்தம் வருதுன்னு என்ன தடவலாம்னு கேக்கறவங்களுக்கு உருப்படியான பதில் இந்த சோதனையிலயே இருக்கு.

ஆனா நடைமுறையில என்ன ஆகுது, பிரஷ் பட்டதும் ரத்தம் வருதா, பயந்துகிட்டு அந்த எடத்தை மட்டும் விட்டுட்டு தேய்ப்போம், அங்க அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் அதிகமா வரும். செய்ய வேண்டியது நேர் எதிர், மென்மையான பிரஷ்ஷா எடுத்துகிட்டு அதே எடத்தை இன்னும் பொறுமையா சுத்தம் பண்ணணும், முதல் சில நாள் ரத்தம் வரும், அப்புறம் குறையும். ரெண்டு வாரம் ஒழுங்கா பண்ணியும் நிக்கலன்னா அங்க காரை, அதாவது கல்லா இறுகிப்போன படலம், கட்டியிருக்கும் இல்ல வேற காரணம் இருக்கும், அப்போ காட்டிடணும். புகைபிடிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, நிகோட்டின் ரத்தக்குழாயை சுருக்கிடறதால ஈறு கெட்டுப்போய் கிடந்தாலும் ரத்தம் அவ்வளவா வராது, "எனக்கு ரத்தமே வர்றதில்ல, ஈறு நல்லாருக்கு"ன்னு நெனைச்சுகிட்டு இருப்பாங்க, பல்லு ஆடும்போதுதான் தெரியும்.

தேய்க்கிற விதம் பத்தி சொல்லணும்னா, முக்கால்வாசிப் பேரு பல்லோட நடுவுலதான் தேய்க்கிறோம், அங்கதான் பளபளன்னு தெரியும், ஆனா அழுக்கு சேர்றது பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல. பிரஷ்ஷை அந்தக் கோட்டுல சுமார் 45 டிகிரி சாய்ச்சு வச்சு, நார் நுனி ஈறு ஓரத்துக்குள்ள லேசா நுழையற மாதிரி, அங்கயே சின்னச் சின்னதா அசைக்கணும், ரெண்டு பல்லு முடிஞ்சதும் அடுத்த ரெண்டுக்கு நகரணும். நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த சார்லஸ் பாஸ்ங்கற டாக்டர் பேர்ல இதை பாஸ் முறைன்னு சொல்றாங்க, அவர் பல் டாக்டர் கூட இல்ல, பொது மருத்துவர். கீழ் முன்பல்லோட உள்பக்கம் நாக்கு படற எடம் இருக்கே, அதை முக்கியமா கவனிங்க, எச்சில் சுரப்பியோட வாய் அங்க தெறக்கறதால எச்சில்ல இருக்கிற தாது படலத்துல படிஞ்சு காரையா இறுகறது அங்கதான் ரொம்ப வேகமா நடக்கும். நாக்கு நுனியால தடவிப் பாத்தாலே தெரியும், சுத்தமா இருந்தா கண்ணாடி மாதிரி வழுக்கும், படலம் இருந்தா லேசா சொரசொரப்பு. கண்ணாடி முன்னாடி நின்னு பாக்கறதை விட இந்த நாக்கு டெஸ்ட்டை நான் அதிகமா நம்புவேன். ரெண்டு பல்லுக்கு இடையில பிரஷ் போகாது, அதுக்கு ஃபிளாஸ் நூலோ, இடைவெளி இருந்தா குட்டி இன்டர்டென்டல் பிரஷ்ஷோ வேணும், ராத்திரி ஒரு தடவை போதும்.

படலம் எடுக்காம விட்டா சில நாள்லயே இறுக ஆரம்பிச்சு காரை ஆயிடும், அதுக்கப்புறம் வீட்ல எதுவும் வேலைக்கு ஆகாது. எலுமிச்சை தேய்ச்சா காரை கரையும்னு சொல்றாங்களே, யோசிச்சுப் பாருங்க, காரையும் கால்சியம் பாஸ்பேட், எனாமலும் கால்சியம் பாஸ்பேட், ஒண்ணைக் கரைக்கிற ஆசிட் இன்னொண்ணை எப்படி விட்டு வைக்கும்? எலுமிச்சைச் சாறோட பிஹெச் 2-லேருந்து 2.6 வரை, பல்லு கரைய ஆரம்பிக்கிற 5.5-க்கு எவ்வளவோ கீழ. ரெண்டு வாட்டி தேய்ச்சதும் பல்லு வெள்ளையா தெரியறது உண்மைதான், மேல இருக்கிற கறையோட சேர்த்து எனாமலும் கொஞ்சம் போயிருக்கும், தொடர்ந்து பண்ணா உள்ள இருக்கிற டென்டின் தெரிய ஆரம்பிக்கும், அது இயல்பாவே மஞ்சள் நெறம், ஆக வெள்ளையாக்கப் போய் மஞ்சளாகி கூடவே ஐஸ் தண்ணி பட்டா சுரீர்னு கூச்சமும் வந்து சேரும். ஆப்பிள் சைடர் வினிகருக்கும் இதே கதைதான். அதுக்காக எலுமிச்சையை எதிரியா பாக்க வேண்டியதில்ல, 1747-ல ஜேம்ஸ் லிண்ட்ங்கற கப்பல் டாக்டர் ஈறு அழுகி ரத்தம் கொட்டுற ஸ்கர்வி வந்த 12 மாலுமிங்களை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு வேற வேற வைத்தியம் பண்ணதுல ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட ரெண்டு பேருதான் மளமளன்னு தேறினாங்க, வைட்டமின் சி இல்லாம ஈறு நிக்காது. வயித்துக்குப் போகட்டும், பல்லு மேல தேய்க்க வேணாம், அவ்ளோதான். புளிப்பா எதாவது சாப்பிட்டா உடனே பிரஷ் எடுக்காதீங்க, மேல்பரப்பு அப்போ மென்மையாகி இருக்கும், வெறும் தண்ணில கொப்பளிச்சுட்டு ஒரு அரை மணியாவது எச்சிலுக்கு டைம் குடுங்க. வாந்தி எடுத்தாலும், எதுக்களிச்சாலும் அதேதான்.

கரித்தூள் விஷயத்துல எனக்கு பொறுமையே கெடையாது. 2017-ல அமெரிக்க பல் மருத்துவ சங்கத்தோட பத்திரிகையில இதைப் பத்தி வந்த எல்லா ஆய்வையும் தேடிப் பாத்து எழுதினாங்க, பல்லு வெள்ளையாகும்ங்கறதுக்கோ பாதுகாப்புங்கறதுக்கோ போதுமான ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. கறை போற மாதிரி தெரியறது உரசல்னால. அந்தக் கரித்தூள் எவ்வளவு சொரசொரப்புங்கறது ஒவ்வொண்ணுக்கும் மாறும், நாம அளந்தா பாக்கப் போறோம்? செங்கல் தூள், மணல் கலந்த பொடி எல்லாம் இன்னும் மோசம், எனாமல் கடினத்துல மோஸ் அளவுல சுமார் 5, மணல் 7. சமையல் சோடா இதுக்கு எதிர்மாறு, பல்லை விட ரொம்ப மென்மையான பொடி, காரத்தன்மை இருக்கிறதால ஆசிட்டையும் மட்டுப்படுத்தும், ஒரு டம்ளர் தண்ணில அரை டீஸ்பூன் போட்டுக் கொப்பளிச்சா வாந்திக்கு அப்புறமோ புளிப்புக்கு அப்புறமோ நல்லது. அதுல இல்லாதது ஒண்ணே ஒண்ணு, ஃபுளோரைடு.

இந்த ஃபுளோரைடு பேரைச் சொன்னாலே இயற்கை பக்கம் இருக்கிறவங்களுக்கு முகம் மாறிடும், ஆனா அதோட கதையே நெலத்தடி தண்ணிலேருந்து வந்தது. 1901-ல ஃபிரெடரிக் மெக்கேன்னு ஒரு டென்டிஸ்ட் அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ் போனப்போ அந்த ஊர்ல வளர்ந்தவங்க பல்லுல பழுப்புக் கறை, ஆனா சொத்தை கம்மி, எதனாலன்னு புரியல, முப்பது வருஷம் கழிச்சு 1931-லதான் தண்ணில இயற்கையாவே இருந்த ஃபுளோரைடுன்னு கண்டுபிடிச்சாங்க. கொஞ்சமா இருந்தா எனாமலுக்குள்ள போய் ஆசிட்டுக்கு சீக்கிரம் கரையாத மாதிரி ஆக்கும், சுமார் 4.5 பிஹெச் வரை தாங்கும். அதிகமா வயித்துக்குள்ள போனா பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரோசிஸ் வரும். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற மேல் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஆக பயம் முழுசா பொய்யும் இல்ல, அளவு பாத்து முடிவு பண்ற விஷயம். பேஸ்ட்டுல ஃபுளோரைடு 1000-லேருந்து 1500 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) இருந்தா போதும், தேய்ச்சு முடிச்சதும் துப்பிடணும், குடம் குடமா தண்ணி விட்டு கொப்பளிக்காம மிச்சத்தை பல்லு மேல விட்டுடணும். மூணு வயசுக்குக் கீழ உள்ள கொழந்தைக்கு ஒரு அரிசி மணி அளவு, ஆறு வயசு வரை ஒரு பட்டாணி அளவு. இல்ல, எனக்கு ஃபுளோரைடே வேணாம்னா அது அவங்கவங்க முடிவு, அப்போ இனிப்பை நடுநடுவுல தொடாம இருக்கிற கட்டுப்பாடு ரெண்டு மடங்கு வேணும்.

கொப்பளிக்கிற சமாச்சாரத்துல உப்புத்தண்ணிக்கு நான் முழு மார்க் குடுப்பேன், அதுக்கு ஏத்த வேலைக்கு மட்டும். வெதுவெதுப்பான தண்ணி ஒரு டம்ளர், அரை டீஸ்பூன் உப்பு, அரை நிமிஷம் வாய்க்குள்ள சுழட்டித் துப்பணும், வீங்கின எடத்துலேருந்து நீரை கொஞ்சம் இழுக்கும், ஒட்டியிருக்கிற உணவுத் துணுக்கை அலசும், வாய்ப்புண்ணுக்கு எதமா இருக்கும், பல்லு புடுங்கினா மறுநாள்லேருந்து டென்டிஸ்டே பண்ணச் சொல்வாங்க. முதல் நாள் மட்டும் வேணாம், ரத்தக்கட்டி பேந்துடும். உப்பை நேரா ஈறுல போட்டு தேய்க்கறது வேற விஷயம், எரிச்சல்தான் மிச்சம்.

ஆயில் புல்லிங் பண்றவங்க கிட்ட சண்டை போட எனக்கு விருப்பமில்ல, பத்து நிமிஷம் வாய்க்குள்ள எதையாவது விடாம சுழட்டினா கொஞ்சம் அழுக்கு கொறையத்தான் செய்யும், சின்னச் சின்ன சோதனைகள்ல பிளாக் அளவு கொஞ்சம் கொறைஞ்சும் இருக்கு. பிரச்சனை அதுக்கு மேல சொல்ற கதைங்கதான். எண்ணெய் வெள்ளையா மாறுது பாருங்க, ரத்தத்துல இருக்கிற நஞ்செல்லாம் வெளிய வருதுன்னு. எண்ணெயும் எச்சிலும் சேர்த்து அடிச்சா எந்த வாயிலயும் வெள்ளையாத்தான் ஆகும், பாட்டில்ல எண்ணெயும் தண்ணியும் போட்டு குலுக்கினாலும் கிட்டத்தட்ட அதே கலர்தான். பிரஷ் பண்றதோட சேர்த்து பண்ணுங்க, பிரஷ்ஷுக்கு பதிலா பண்ணாதீங்க, சின்னப் பசங்களுக்கும் முழுங்கறதுல சிரமம் உள்ள வயசானவங்களுக்கும் வேணவே வேணாம், எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள்ள போய் நுரையீரல் அழற்சி வந்தவங்க இருக்காங்க. மஞ்சளும் இதே மாதிரி, அதுல இருக்கிற குர்குமினுக்கு அழற்சியைக் கொறைக்கிற குணம் இருக்கு, ஈறு வீக்கத்துக்கு சில சின்ன ஆய்வுகள்ல நல்ல பலன் தெரிஞ்சிருக்கு, கூடவே பிரஷ்ஷும் மஞ்சளாகும், அதுக்கு ரெடியா இருங்க.

கிராம்பு எண்ணெய் மட்டும் தனி ரகம். அதுல இருக்கிற யூஜினால் நிஜமாவே நரம்பை மரத்துப்போக வைக்கும், டென்டிஸ்ட்டோட அறைக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாசனை வருமே, பல நேரம் அது இதுதான், துத்தநாக ஆக்ஸைடோட கலந்து தற்காலிகமா குழியை அடைக்க அவங்களே வச்சிருப்பாங்க. ராத்திரியில வலி தாங்கலன்னா பஞ்சுல ஒரே ஒரு சொட்டு தொட்டு சொத்தைப் பல்லு மேல மட்டும் வைக்கலாம், ஈறுல பட்டா பொசுங்கும். கொழந்தைங்களுக்கு கிட்டவே கொண்டுபோகாதீங்க, கொஞ்சமா முழுங்கினா கூட கல்லீரல் பாதிச்ச கேஸ்கள் இருக்கு. அதே மாதிரி வலி மாத்திரையை பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல அடக்கி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அந்த மாத்திரை முழுங்கினாதான் வேலை செய்யும், அடக்கி வச்சா உள்கன்னம் வெந்து வெள்ளையா உரிஞ்சு வரும்.

வாய் வறட்சி இருக்கிறவங்க தனியா கவனிக்கணும். எச்சில் இல்லன்னா மேல சொன்ன காவல் மொத்தமும் போச்சு. அலர்ஜி மாத்திரை, மன அழுத்தத்துக்கு எடுக்கிற மாத்திரை, சில பிபி மாத்திரைன்னு எச்சிலைக் கொறைக்கிற மருந்து நெறைய இருக்கு, வாயால மூச்சு விட்டு தூங்கறவங்களுக்கும் இதே கஷ்டம், திடீர்னு ஒரு வருஷத்துல நாலஞ்சு சொத்தை விழுந்தா இதைத்தான் முதல்ல யோசிக்கணும். மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் கிட்ட சொன்னா மாத்திக் குடுக்க முடியுமான்னு பாப்பாங்க. அடிக்கடி ஒரு வாய் தண்ணி, சைலிட்டால் போட்ட சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்லறது, ரெண்டும் உதவும், மெல்லும்போது எச்சில் ஊறும், சைலிட்டாலை பாக்டீரியாவால ஆசிட்டா மாத்த முடியாது. வீட்ல நாய் இருந்தா அந்த பாக்கெட்டை எட்டாத எடத்துல வைங்க, நாய்க்கு அது விஷம்.

சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டா சர்க்கரையைக் கட்டுப்படுத்தறதும் கஷ்டமாகும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்து விடும். கர்ப்பமா இருக்கும்போது ஹார்மோன் மாற்றத்தால கொஞ்சம் அழுக்குக்கே ஈறு பொசுபொசுன்னு வீங்கும், அப்போ பல்லு தேய்க்க பயந்து விட்டுடக்கூடாது.

ஈறு அழற்சி முத்தி உள்ள இருக்கிற எலும்பு வரைக்கும் போயிட்டா கதை மாறிடுது. லோவோட சோதனையில ஒரு வாரத்துல திரும்பினது எலும்பு தொடாத கட்டம். எலும்பு கரைஞ்சுட்டா, ஈறு கீழ எறங்கிட்டா, எந்த எண்ணெயும் எந்த பொடியும் அதை வளர்த்துத் தராது, இருக்கிறதைக் காப்பாத்தறதுதான் வேலை, அதுக்கு ஸ்கேலிங், அதாவது டென்டிஸ்ட் கிட்ட காரையை எடுத்து கிளீன் பண்றது, வேணும். கிளீன் பண்ணா பல்லு ஆட ஆரம்பிச்சுடும்னு சொல்லி பல வருஷம் தள்ளிப் போடறவங்களை நெறைய பாத்திருக்கேன். எலும்பு ஏற்கனவே போயிருக்கும், இடுக்கு பூரா காரை அடைச்சுகிட்டு பல்லைப் பிடிச்ச மாதிரி நிக்கும், அதை எடுத்ததும் உள்ள இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளிய தெரியும், பழி மட்டும் டாக்டர் மேல.

விண்ணு விண்ணுன்னு தெறிச்ச வலி ஒரு நாள் தானா நின்னுட்டா கிராம்பு கேட்டுச்சுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிடுங்க, உள்ள நரம்பு செத்துப்போனாலும் வலி நிக்கும், தொற்று அடியில எலும்புக்குள்ள போய்கிட்டே இருக்கும். சூடா குடிச்சா வலி எடுத்து ரொம்ப நேரம் நீடிக்கிறது, ஈறுல சின்னக் கொப்புளம் மாதிரி வந்து சீழ் வடியறது, பல்லு ஆடுறது, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, இதெல்லாம் வீட்ல வச்சுப் பாக்கற கட்டத்தைத் தாண்டினது. வீக்கம் கண்ணுக்குக் கீழயோ தாடைக்கு அடியிலயோ பரவுது, காய்ச்சல் அடிக்குது, வாயைத் தெறக்க முடியல, எச்சில் முழுங்கவே கஷ்டமா இருக்குன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, மூச்சுக்குழாயை அழுத்தற அளவுக்குப் போகும், அந்த நேரமே ஆஸ்பத்திரி போகணும். அலமாரியில போன தடவை மிச்சம் வச்ச ஆன்டிபயாடிக் ரெண்டு இருக்கே, அதைப் போட்டுப் பாப்போம்னு ஆரம்பிக்காதீங்க, சீழ் உற்பத்தி ஆகுற எடம் பல்லுக்குள்ள இருக்கு, அங்க ரத்த ஓட்டமே இல்ல, மாத்திரை அங்க போய்ச் சேராது, பல்லைத் தெறந்து சுத்தம் பண்ணணும் இல்ல எடுக்கணும்.